அவுட்டானவரை அழைத்து வருவது யார்?

கபடி மேட்ச் நடக்கும்போது எல்லோருடைய கண்ணும் ரெய்டு போகிறவர் மேல்தான் இருக்கும். ஒருமுறை, அவுட்டாகி வெளியே உட்கார்ந்திருப்பவரைக் கவனித்துப் பாருங்கள். அவர் சாய்ந்து உட்கார மாட்டார். முன்னால் குனிந்து, களத்திலிருந்து கண்ணை எடுக்காமல் இருப்பார்.

கிரிக்கெட்டில் ஒரு பேட்ஸ்மேன் அவுட்டானால், அந்த இன்னிங்ஸில் அவருடைய பேட்டுக்கு வேலை இல்லை. ஃபுட்பாலில் சிவப்பு அட்டை வாங்கியவர் அந்த ஆட்டத்துக்குத் திரும்பவே முடியாது. கபடியில் அப்படி இல்லை. அவுட்டானவர் மறுபடி உள்ளே வரலாம். ஆனால், தானாக வர முடியாது. உள்ளே இருக்கும் யாராவது ஒரு பாயின்ட் எடுத்தால்தான் அவருக்கு வழி திறக்கும்.

களத்தில் ஒரு அணிக்கு 7 பேர். ஒரு ரெய்டுக்கு 30 விநாடிகள். எதிரணியில் ஒருவரைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் ஒரு பாயின்ட். தொடப்பட்டவர் வெளியே போவார். ரெய்டரின் அணியில் வெளியே காத்திருப்பவர்களில் ஒருவர் உள்ளே வருவார். வந்த ரெய்டரை மடக்கிப் பிடித்தாலும் இதே கணக்குதான். அதாவது, ஒரே முயற்சியில் ஸ்கோரும் ஏறுகிறது, ஓர் ஆளும் மீட்கப்படுகிறார்.

அலுவலகங்களில் பெரும்பாலும் முதல் பாதி மட்டும்தான் நடக்கிறது.

கொட்டேஷனில் ஒரு தொகையைத் தப்பாகப் போட்டு, பெரிய ஆர்டரைக் கோட்டைவிட்ட ஓர் ஊழியரை நினைத்துக்கொள்ளுங்கள். யாரும் அவரை வேலையைவிட்டு அனுப்புவதில்லை. ஆனால், அடுத்த மீட்டிங்குக்கு அவருக்கு அழைப்பு வராது. வாட்ஸ்அப் குரூப்பில் அவர் கேட்கும் கேள்விக்குப் பதில் வராது. “முதல்ல அவர் தன்னை நிரூபிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்பார்கள். எதை வைத்து நிரூபிப்பது? வெளியே உட்கார வைத்துவிட்டு ரெய்டு போகச் சொன்னால் எப்படிப் போவார்?

போனஸ் மட்டும் போதுமா?

கபடியில் போனஸ் பாயின்ட் என்று ஒன்று உண்டு. எதிரணியில் ஆறு பேரோ, ஏழு பேரோ நிற்கும்போது, ரெய்டர் போனஸ் கோட்டைத் தாண்டி ஒரு காலை ஊன்றி, மறு காலைத் தரையிலிருந்து தூக்கினால் ஒரு பாயின்ட். யாரையும் தொட வேண்டியதில்லை. பத்திரமாகத் திரும்பி வந்தால் போதும்.

போனஸைக் குறைவாகச் சொல்லிவிட முடியாது. 2023-ல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், இந்தியப் பெண்கள் கபடி அணி சீன தைபே அணியை 26-25 என்று வென்று தங்கம் வாங்கியது. ஒரே ஒரு பாயின்ட் வித்தியாசம். அப்படிப்பட்ட ஆட்டத்தில் எந்தப் பாயின்ட்டும் சின்னது இல்லை.

ஆனால், போனஸ் பாயின்ட்டால் வெளியே இருக்கும் யாரும் உள்ளே வர முடியாது. ஸ்கோர் மட்டும்தான் ஏறும். மூன்று பேர் வெளியே காத்திருக்க, ரெய்டர் போனஸ் மட்டுமே எடுத்துக்கொண்டிருந்தால், அணி நாலு பேரோடுதான் தடுத்து ஆட வேண்டும்.

வேலையிலும் இப்படிப் போனஸ் எடுப்பவர்கள் உண்டு. தன் டார்கெட், தன் ரிப்போர்ட், தனக்கு வந்த பாராட்டு மெயில். அதில் தப்பில்லை. கூடவே, வாடிக்கையாளரைப் பார்க்கப் போகும்போது ஒதுக்கப்பட்ட சக ஊழியரையும் அழைத்துக்கொண்டு போய், “இந்தக் கணக்கை இவர்தான் போட்டார்” என்று ஒரு வார்த்தை சொன்னால், அது ஆளை மீட்கும் பாயின்ட்.

வரிசை மாறாது

இன்னொரு விதியும் கவனிக்க வேண்டியது. முதலில் அவுட்டானவர்தான் முதலில் உள்ளே வருவார். நட்சத்திர ரெய்டர் கடைசியாக அவுட்டாகியிருந்தால், அவரும் தன் முறைக்குக் காத்திருக்க வேண்டியதுதான். கேப்டன் நினைத்தாலும் வரிசையை மாற்ற முடியாது. பல இடங்களில் மேலாளருக்கு வேண்டியவரின் தவறு ஒரு வாரத்தில் மறக்கப்படும். அமைதியானவரின் தவறு அடுத்த இன்க்ரிமென்ட் வரை பேசப்படும். கபடியில் அதற்கு இடமில்லை.

மூன்றாவது ரெய்டு யாருக்கு?

ஓர் அணி தொடர்ந்து இரண்டு ரெய்டுகளில் பாயின்ட் எடுக்காவிட்டால், மூன்றாவது ‘டூ ஆர் டை’ ரெய்டு. பாயின்ட் எடுக்காமல் திரும்பினால் போனவர் அவுட். முக்கியமான ரெய்டரை இழக்க வேண்டாம் என்று, சில சமயம் அடுத்த நிலையில் இருப்பவரை அனுப்புவார்கள். அது வியூகம். அவர் மாட்டிக்கொண்டாலும், மீட்டுக் கொண்டுவருவது மற்றவர்களின் பொறுப்பு.

கறாரான வாடிக்கையாளர், நெருங்கிவிட்ட கடைசித் தேதி, கையைக் கடிக்கும் பட்ஜெட். இப்படிப்பட்ட வேலை பல நேரம் புதிதாகச் சேர்ந்தவர் தலையில்தான் விழும். ஜெயித்தால் டீமுக்குப் பாராட்டு. தோற்றால் அவருக்கு மட்டும் மெமோ. அனுப்பி வைத்தவர்களுக்கு அவரை மீட்கும் கடமை இருக்கிறது என்பதை யாரும் நினைப்பதில்லை.

வெளியே இருப்பவருக்கும் வேலை உண்டு. எதிரணியின் கார்னர் வீரர் எந்தக் காலை முன்னால் வைக்கிறார், யாருக்கு மூச்சு வாங்குகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பவர்தான், உள்ளே வந்ததும் பிரயோஜனப்படுவார். வேலையில் ஒதுக்கப்பட்டவரும் தவறு எங்கே நடந்தது என்று எழுதிப் பார்த்து, அதே மாதிரி அடுத்த கணக்கைத் தயாராக வைத்திருக்கலாம். கூப்பிடும்போது தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஏழு பேருமே அவுட்டானாலும் கபடியில் ஆட்டம் முடிவதில்லை. எதிரணிக்குக் கூடுதலாக 2 பாயின்ட் கிடைக்கும். ஏழு பேரும் திரும்ப உள்ளே வருவார்கள். விலை உண்டு, வாய்ப்பும் உண்டு.

அடுத்த திங்கட்கிழமை மீட்டிங்கில் உட்காரும்போது, யார் இங்கே இல்லை என்று ஒருமுறை பாருங்கள். இந்த வாரம் எடுக்கப்போகும் எந்தப் பாயின்ட் அவரை உள்ளே கொண்டுவரும் என்றும் யோசியுங்கள். கபடியில் மீண்டு வந்தவரை யாரும் விசாரிப்பதில்லை. அடுத்த ரெய்டர் வருவதற்குள் பக்கத்தில் நிற்பவர் கையை நீட்டுவார், இவர் பிடித்துக்கொள்வார். சங்கிலி தயாராகிவிடும்.