தனுஷ்கோடி ஸ்டேஷன்

ராமேசுவரம் செல்லும் யாத்ரிகர்களில் பெரும்பாலோர் இப்போது தனுஷ்கோடியையும் பார்த்து வருகிறார்கள். 2017-ஆம் வருஷத்தில் அரிச்சல்முனை வரையில் சாலை திறக்கப்பட்டு விட்டபடியால், முன்போல் மணலில் வேனில் குலுங்கிக்கொண்டு போகும் சிரமம் இல்லை. முனையை அடையுமுன் வண்டியை நிறுத்தி, இடிந்து கிடக்கும் மாதா கோயிலின் எதிரில் நின்று படம் எடுத்துக் கொள்கிறார்கள். சங்கு மாலை வாங்குகிறார்கள். "பேய் ஊரைப் பார்த்தாயிற்று" என்று சொல்லிக்கொண்டு திரும்புகிறார்கள்.

இந்தப் "பேய் ஊர்" என்னும் பெயர் நமக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. மீன் பிடித்துப் பிழைக்கும் குடும்பங்கள் இன்றைக்கும் அங்கே இருக்கின்றன. மணலைச் சிறிது தோண்டினால் ஊறும் நல்ல தண்ணீரைக் கொண்டு அவர்கள் காலம் தள்ளுகிறார்கள். அவர்கள் காதில் படும்படி இவ்விதம் பேசுவது மரியாதை ஆகாது. அன்றியும், பேய்க்கதை சொல்லத் தொடங்கினால் அந்த ஊரின் உண்மைக் கதை மறைந்து போகிறது. உண்மைக் கதையை அறிய வேண்டுமானால், மாதா கோயிலோடு நின்று விடாமல் ரயில்வே ஸ்டேஷன் இருந்த இடத்துக்கும் நடந்து போக வேண்டும்.

போய்ப் பார்த்தால் என்ன தெரிகிறது? கூரை இழந்த சில சுவர்கள், தண்ணீர்த் தொட்டியைத் தாங்கி நின்ற கட்டடத்தின் மிச்சம், மற்றதெல்லாம் மணல். கூட்ஸ் வண்டிகள் வரிசை வரிசையாக நின்ற யார்டு எது என்று விரலால் சுட்டிக் காட்ட முடியாது. கோயில் இடிந்தாலும் கோயில் என்று தெரிகிறது. சரக்கு யார்டு அழிந்தாலோ வெறுந்தரைதான். ஆனால் அந்த ஊர் பிறந்ததே அந்த வெறுந்தரைக்காகத்தான்.

இந்தியாவையும் இலங்கையையும் ரயிலால் இணைத்து விட வேண்டும் என்று வெள்ளைக்காரர்கள் நெடுநாள் யோசனை செய்தார்கள். சேதுவின் மேலேயே தண்டவாளம் போடலாம் என்றுகூடத் திட்டம் எழுந்தது. அது கைகூடவில்லை. 1914-இல் பாம்பன் பாலம் முடிந்ததும், தென்னிந்திய ரயில்வே கம்பெனியார் தனுஷ்கோடி வரையில் ரயிலும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் விட்டார்கள். சென்னையில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பல் ஏறி, அக்கரையில் மறுபடி ரயிலைப் பிடித்துக் கொழும்பு சேரலாம். "போட் மெயில்" என்ற பெயர் வந்த காரணம் இதுதான். கடலில் தண்டவாளம் இல்லையே! ஆகையால் ஒவ்வொரு மூட்டையையும் வண்டியிலிருந்து இறக்கிக் கப்பலில் ஏற்றியாக வேண்டும். அதற்காக யார்டு, அதை ஒட்டிச் சுங்கச் சாவடி, தபாலாபீஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம். இவ்வாறு மணல் திட்டில் ஓர் ஊர் எழுந்தது.

முதல் வகுப்புப் பிரயாணிகளுக்காக மட்டும் இத்தனை ஏற்பாடும் நடந்ததாக எண்ணிவிடக் கூடாது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. திருச்சி, சேலம், ராமநாதபுரம் முதலிய ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் திரட்டிய ஏழை ஜனங்கள் மண்டபம் முகாமுக்கு வந்தார்கள். அங்கே வைத்தியப் பரிசோதனை, சில நாள் காவல், பிறகு தனுஷ்கோடி, பிறகு கப்பல். சாமான்கள் போன வழியாகவே மனிதர்களும் போனார்கள். 1939-இல் இந்திய ஸர்க்கார் தடை விதிக்கும் வரையில் இவ்விதம் ஆள் திரட்டுவது நின்றபாடில்லை. அவர்களுடைய காலடி பட்ட மணல்தான் இது.

1964-ஆம் வருஷம் அக்டோபர் 30-ஆம் தேதி, அந்த ஜனங்களைப் பற்றி லால் பகதூர் சாஸ்திரியும் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். நாடற்றவர்களாக இருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது. 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜா உரிமை தருவது. மீதியைப் பின்னால் பார்த்துக் கொள்வது. தலைமுறைகளாக அக்கரையில் உழைத்தவர்களைக் கணக்குப் பிள்ளை பெட்டி பிரிப்பதுபோல் பிரித்தார்கள்.

எட்டு வாரம்கூடக் கழியவில்லை. டிசம்பர் 22-ஆம் தேதி இரவு புயல் அடித்தது. பாம்பனிலிருந்து நள்ளிரவுக்குச் சற்று முன் புறப்பட்ட பாஸஞ்சர் ரயில் தனுஷ்கோடியை நெருங்கிய சமயம், பேரலை எழுந்து அதை அடித்துக்கொண்டு போயிற்று. அதில் இருந்தவர்கள் 115 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. டிக்கெட் இல்லாமல் ஏறிய ஏழைகளையும் சேர்த்தால் தொகை மிகும் என்பார்கள். ரயில்வேக் கணக்கில்கூட இடம் பெறாத உயிர்கள் அவை. ஊரும் ஸ்டேஷனும் துறையும் ஒரே இரவில் அழிந்தன.

அதே புயலில் பாம்பன் பாலத்தின் பெரும்பாலான உத்தரங்கள் கடலில் விழுந்தன. ஆனால் ஸ்ரீ இ. ஸ்ரீதரன் என்ற இளம் இஞ்சினியரின் மேற்பார்வையில் நாற்பத்தாறே நாளில் பாலத்தைச் செப்பனிட்டு விட்டார்கள். பாலம் பிழைத்தது, தனுஷ்கோடி பிழைக்கவில்லை. மனிதர் வசிக்கத் தகாத இடம் என்று ஸர்க்கார் தீர்மானித்து விட்டார்கள். ரயில் ராமேசுவரத்தோடு நின்றது. கப்பலும் அங்கிருந்தே புறப்படலாயிற்று. 1984-இல் அதுவும் நின்றது.

ஆகவே, ஒப்பந்தப்படி அக்கரையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் ராமேசுவரத்தில் வந்து இறங்கின. பாட்டனும் பாட்டியும் எந்த வாசல் வழியாகப் புறப்பட்டுப் போனார்களோ, அந்த வாசல் பேரன் திரும்பி வந்தபோது இல்லை. மண்டபம் முகாம் மட்டும் இருந்தது. அதுவே அவர்களையும் வரவேற்றது. பிற்பாடு யுத்தத்துக்கு அஞ்சி ஓடி வந்த இலங்கைத் தமிழ் அகதிகளுக்கும் அதுவே புகலிடமாயிற்று.

இவ்வளவையும் அந்தக் குட்டிச்சுவர்கள் தாமாகவே எடுத்துச் சொல்ல மாட்டா. உப்புக்காற்று அவற்றை நாளுக்கு நாள் அரித்து வருகிறது. மாதா கோயிலைக் காப்பதற்குக் காட்டும் அக்கறையை ஸ்டேஷன் சுவர்களுக்கும் காட்ட வேண்டும். யார்டு இருந்த இடத்துக்கு எல்லை குறித்து, அதன் வழியே யார் போனார்கள், எதற்காகப் போனார்கள் என்று தமிழில் கல்லில் பொறித்து வைக்க வேண்டும் என்று அதிகாரிகளைக் கேட்டுக் கொள்கிறோம். நேயர்களிடம் நாம் வேண்டுவது இன்னும் சுலபமானது. குழந்தைகளுடன் அங்கே போனால் சுவரில் பெயர் கிறுக்க விடாதீர்கள். வீட்டில் தினம் இருவேளை குடிக்கிறோமே, அந்தத் தேயிலையைப் பறிக்கப் போனவர்கள் மூட்டையும் முடிச்சுமாகக் காத்திருந்த இடம் இது என்று மட்டும் சொல்லுங்கள்.