ஒல்லியானவருக்கு எப்படி வந்தது சர்க்கரை?

"உடம்புல ஒட்டுச் சதை இல்ல, உனக்கு எப்படிய்யா சுகர் வந்துச்சு?" ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரைக்கு வரிசையில் நிற்கும் கூலித் தொழிலாளிகள் பலர் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்கள். கேட்கிறவர் கேலிக்காகக் கேட்பதில்லை. சர்க்கரை என்றால் தொப்பை, உட்கார்ந்த வேலை, நெய்ச் சோறு என்றுதான் நம் எல்லோர் மனதிலும் பதிந்திருக்கிறது. களை பறிக்கிற அம்மாவுக்கும், செங்கல் சூளையில் மண் மிதிக்கிறவருக்கும் அந்தப் படத்தில் இடமில்லை.

இந்தக் கேள்விக்கு ஒரு பதில் இப்போது மருத்துவப் புத்தகத்துக்குள் வந்திருக்கிறது. 2025 ஏப்ரலில் பாங்காக்கில் நடந்த உலக மாநாட்டில் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 'ஐந்தாம் வகை நீரிழிவு' என்ற ஒன்றை ஏற்றுக்கொண்டது. தின்று கொழுத்ததால் வருவதல்ல இது. தின்னக் கிடைக்காததோடு சேர்த்துப் பேசப்படும் சர்க்கரை நோய். உலகில் 2 முதல் 2.5 கோடிப் பேருக்கு, பெரும்பாலும் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும், இது இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். இதற்கு அடிப்படையான முக்கிய ஆய்வுகளில் ஒன்று அமெரிக்காவில் நடக்கவில்லை. நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில்தான் நடந்தது.

வேலூரின் டாக்டர் நிஹால் தாமஸும் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் மெரிடித் ஹாக்கின்ஸும் தங்கள் குழுவினருடன் சேர்ந்து 2022-இல் அந்த ஆய்வை வெளியிட்டார்கள். எடை மிகக் குறைந்த சர்க்கரை நோயாளிகளை எடுத்து, நரம்பு வழியாகச் சர்க்கரையும் இன்சுலினும் செலுத்தி, உடம்பு அவற்றை என்ன செய்கிறது என்று மணிக்கணக்கில் அளந்தார்கள். முதல் வகை, இரண்டாம் வகை நோயாளிகளோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

முதல் வகை என்பது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தின் இன்சுலின் செல்களை அழித்துவிடுவது. அவர்களுக்கு இன்சுலின் அநேகமாகச் சுரப்பதே இல்லை. இரண்டாம் வகையில் இன்சுலின் சுரக்கும், ஆனால் உடம்பு அதன் பேச்சைக் கேட்காது. இந்த ஒல்லியானவர்களோ இரண்டிலும் அடங்கவில்லை. இவர்கள் உடம்பு இன்சுலின் பேச்சை நன்றாகவே கேட்கிறது. ஈரலிலும் வயிற்றுக்குள்ளும் கொழுப்புக் குறைவு. ஆனால் கணையம் சுரக்கும் இன்சுலின் போதவில்லை. கருவிலும் பிள்ளைப் பருவத்திலும் போதிய சத்தில்லாமல் கணையமே சரியாக வளராமல் போயிருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல என்பதுதான் இதில் வயிறெரிகிற விஷயம். 1955-இல் ஜமைக்காவில் ஹியூ-ஜோன்ஸ் என்ற மருத்துவர் இதுபோன்ற நோயாளிகளைப் பற்றி எழுதினார். கரும்புத் தோட்டங்களுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வம்சாவளியினர்தான் அந்தத் தீவில் பெரும்பான்மை. ஊருக்குச் சர்க்கரை காய்ச்சிக் கொடுத்தவர்களின் மண்ணிலேயே இந்தச் சர்க்கரை நோய் பதிவானது. பிறகு இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் மருத்துவர்கள் இதைப் பார்த்தார்கள். 1985-இல் உலக சுகாதார நிறுவனம் 'ஊட்டச்சத்துக் குறைவு சார்ந்த நீரிழிவு' என்று தனி வகையாகவே சேர்த்தது. 1999-இல் போதிய ஆதாரம் இல்லை என்று எடுத்துவிட்டது. ஆதாரம் ஏன் போதவில்லை? நோயாளி ஏழை. அவரை ஆராயப் பணம் போட யாரும் வரவில்லை. பட்டியலிலிருந்து பெயர் போனதும் இருந்த கொஞ்ச அக்கறையும் போனது. 26 ஆண்டுகள் அந்த நோய் இருந்தது, பெயர்தான் இல்லை.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். உயிர் இருக்கிறது. ஒல்லியான இளைஞருக்குச் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தால் முதல் வகை என்று நினைத்து இன்சுலினைக் கூடுதலாகப் போட வாய்ப்பு அதிகம். இவருக்கு அவ்வளவு தேவைப்படாது. ஊசி போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார், கஞ்சி வர மதியம் ஆகிறது. வியர்வை, கை நடுக்கம், கண் இருட்டல், பேச்சுக் குழறல் எல்லாம் வரும். சர்க்கரை இறங்கிவிட்டது என்று அர்த்தம். உடனே வெல்லமோ சர்க்கரைத் தண்ணீரோ கொடுத்தால் பிழைத்துக்கொள்வார். ஆனால் காலனிக்காரர் ஒருவர் தெருவில் தள்ளாடி விழுந்தால் முதலில் என்ன சொல்வார்கள் என்று நமக்குத் தெரியும்: "குடிச்சுட்டுக் கெடக்கான்." ஒதுங்கிப் போகிற அந்தப் பத்து நிமிடம் போதும், உயிர் போவதற்கு.

இன்னொரு பக்கம், இரண்டாம் வகை என்று முடிவுகட்டி அச்சடித்த உணவுச் சீட்டைக் கையில் கொடுப்பார்கள். சோற்றைக் குறை, தினமும் நட, எடையைக் குறை. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை நடவு வயலில் குனிந்து நிற்கிறவரிடம் நடக்கச் சொல்லும் சீட்டு அது. நாற்பது கிலோ இருக்கிறவர் எதைக் குறைப்பார்? ஓட்ஸும் ஆப்பிளும் எழுதியிருக்கும். மாட்டுக்கறி இருக்காது. நம் தெருக்களில் கட்டுப்படியாகிற விலையில் கிடைக்கும் புரதம் அதுதான். அதைச் சாப்பிடுகிறேன் என்று டாக்டரிடம் சொல்லவே கூச்சப்படும் பெண்களை எனக்குத் தெரியும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஒல்லியான எல்லாருக்கும் இருப்பது ஐந்தாம் வகை அல்ல. நம் காலனிகளிலும் இரண்டாம் வகைதான் அதிகம் இருக்கும். கணையத்தில் கல் சேர்ந்தும் சர்க்கரை வரும், அது வேறு. ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் ஊசியையோ மாத்திரையையோ தாமாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. டாக்டரிடம் கேளுங்கள். ஐந்தாம் வகை தனி நோய்தானா என்ற வாதமும் மருத்துவர்களிடையே முடிந்துவிடவில்லை. கண்டறியும் முறையையும் சிகிச்சையையும் வகுக்க ஒரு குழுவைக் கூட்டமைப்பு அமைத்திருக்கிறது. வேலூர் ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் ஆண்கள் மட்டுமே என்பதையும் கவனிக்க வேண்டும். வீட்டில் எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியை வழித்துச் சாப்பிடுகிறவள் யார்? அவள் கணையத்தை இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

பசி எல்லாருக்கும் பொது என்பார்கள். எண்கள் அப்படிச் சொல்லவில்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நாட்டில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 35.5 சதவீதம். பட்டியல் சாதிக் குழந்தைகளில் சுமார் 39 சதவீதம். நிலம் இல்லாதவர் வீட்டில், கூலிக்கு நெல் அளந்த காலத்திலிருந்து சேர்ந்துவந்த கணக்கு இது. நான் பார்த்த நோயாளிச் சீட்டுகளில் உயரம், எடை, ரத்த அழுத்தம் எழுத இடம் இருக்கிறது. சின்ன வயதில் எத்தனை வேளை சாப்பிட்டாய் என்று எழுத இடமில்லை. ஐந்தாம் வகையைத் தேடுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்.

தமிழ்நாட்டில் சத்துணவு முட்டையும் காலை உணவும் பல நாடுகள் செய்யாத காரியம், மறுக்கவில்லை. ஆனால் ரேஷன் கடையைப் பாருங்கள். அரிசி இலவசம். துவரம் பருப்பு ஒரு அட்டைக்கு மாதம் ஒரு கிலோ, 30 ரூபாய்க்கு. ஐந்து பேர் குடும்பத்தில் தலைக்கு ஒரு நாளைக்கு 7 கிராம்கூட வராது. சாம்பார் பருப்பின் நிறத்தைக் காட்டும், அவ்வளவுதான். பருப்பை மூன்று கிலோவாக்குவதும் நிலக்கடலை சேர்ப்பதும் நீரிழிவுத் தடுப்புத் திட்டமாகவே பார்க்கப்பட வேண்டும்.

மருத்துவத் துறையிடம் கேட்க வேண்டியதும் பெரிதல்ல. கணையம் எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்பதைச் சொல்வது சி-பெப்டைட் ரத்தப் பரிசோதனை. எடை குறைந்த எந்தச் சர்க்கரை நோயாளிக்கும் அது அரசு மருத்துவமனையில் செலவில்லாமல் கிடைக்க வேண்டும். 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறார்கள். எடையும் உயரமும் பார்த்து, மிக ஒல்லியானவர்களின் பெயரைத் தனியாகக் குறித்து டாக்டருக்கு அனுப்ப அவர்களால் முடியும். நர்சிங்கும் உயிரியலும் படிக்கும் நம் பிள்ளைகள் தங்கள் தெருவில் இந்தக் கணக்கை இந்த விடுமுறையிலேயே எடுக்கலாம். பெயர் வேண்டாம். வயது, எடை, என்ன வேலை, சின்ன வயதில் என்ன சாப்பாடு என்பது போதும். அந்தத் தாளை வைத்து அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் பருப்புக்கும் பரிசோதனைக்கும் சேர்த்து ஒரு தீர்மானம் கொடுங்கள்.