வாழையிலைக் கடையில் உங்கள் பாட்டிலுக்கு என்ன வேலை?

வெளியில் சாப்பிடப் போகிறவர் தன் ஒயின் பாட்டிலையும் கூடவே கொண்டுபோகலாம், அதைத் தடுக்கவோ அதற்குக் காசு கேட்கவோ கடைக்காரருக்கு உரிமை கிடையாது என்று எழுதியிருக்கிறார் நம் ஊர்க்காரர் ஒருவர். சிரம்பானை அடுத்த செண்டாயான் பக்கத்து வாழையிலைக் கடைகளில் "வெளி உணவு, பானங்களுக்கு அனுமதி இல்லை" என்று ஒட்டியிருப்பது அவருக்கு அவமானமாகப் படுகிறதாம். மெல்பர்னைப் பாருங்கள், டில்லித் தீர்ப்பைப் பாருங்கள், தோட்டத்தில் நம் பாட்டன் குடித்த கள்ளைப் பாருங்கள் என்று மூன்று சாட்சிகளைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். மூன்றுமே அவருக்கு எதிரான சாட்சிகள்.

முதலில் மெல்பர்ன். அங்கே மது லைசன்ஸ் சட்டம் நெடுங்காலம் இறுக்கமாக இருந்தது. சின்ன உணவகங்களால் முழு லைசன்ஸ் வாங்க முடியவில்லை. ஆகவே "பாட்டிலை நீங்களே கொண்டுவாருங்கள்" என்று கடைக்காரர்கள் சொன்னார்கள். அமெரிக்காவில் பிலடெல்பியாவிலும் இதே கதைதான். லைசன்ஸ் விலை சிறு கடைக்காரருக்குக் கட்டுப்படியாகாது. இரண்டு ஊரிலும் அழைத்தவர் கடைக்காரர். விருப்பமில்லாத கடை அழைப்பதில்லை, அழைத்த கடைகளிலும் பல கார்க்கேஜ், அதாவது வெளியிலிருந்து வரும் பாட்டிலுக்கான கட்டணம், வாங்குகின்றன. அடுத்தவர் விரும்பிக் கொடுத்த சலுகையை எடுத்துவந்து, செண்டாயானில் அதைத் தன் பிறப்புரிமை என்று இவர் அறிவிக்கிறார். மெல்பர்னில் கட்டணம் உண்டு என்பதை மட்டும் வாசகருக்குச் சொல்லவில்லை. தெரியாமல் விட்டிருந்தால் எழுதத் தகுதியில்லை. தெரிந்தே விட்டிருந்தால் அது ஏமாற்று.

டில்லித் தீர்ப்பு இன்னும் மோசம். 2025 மார்ச் 28 அன்று டில்லி உயர் நீதிமன்றம் சொன்னது, உணவகங்கள் சேவைக் கட்டணத்தைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்பது. பாட்டிலைப் பற்றி அதில் பேச்சே இல்லை. தவிர, அது இந்தியச் சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு. நம் நாட்டுத் தீர்ப்பு ஒன்று இருக்கிறது, அதை அவர் தொடவே இல்லை. ஓட்டல் தொழிலாளர் சங்கம் சம்பந்தப்பட்ட வழக்கில் 2021இல் நம் கூட்டரசு நீதிமன்றம், சேவைக் கட்டணம் ஊழியருக்குச் சேர வேண்டிய பணம், அதை எடுத்துக் குறைந்தபட்ச சம்பளத்தை நிரப்பக் கூடாது என்று முதலாளியின் கையைக் கட்டியது. தொழிலாளி வென்ற வழக்கு அது. தோட்டப் பரம்பரை என்று மார்தட்டுகிறவர் அதையல்லவா முதலில் பேசியிருக்க வேண்டும்?

"பத்தும் ஆறும் சேர்ந்து பதினாறு விழுக்காடு கொள்ளை" என்கிறார். பத்து கடையின் சேவைக் கட்டணம். ஆறு விழுக்காடு அரசாங்கத்தின் சேவை வரி, கடைக்காரர் அதை வசூலித்துக் கட்டுகிறார், அவ்வளவுதான். 2024 மார்ச்சில் மற்ற பல சேவைகளுக்கு எட்டாக ஏறியபோதும் சாப்பாட்டுக்கு ஆறாகவே நின்றது. அதுவும் ஆண்டு வரவு 15 லட்சம் வெள்ளியைத் தாண்டிய கடைகளுக்குத்தான். நம் தாமான் ஓரத்துச் சிறு கடைகளின் பில்லில் இந்தப் பத்தையும் ஆறையும் காண்பதே அரிது. முன்கூட்டி அறிவிக்காமல் பில்லில் பத்து விழுக்காடு சேர்ப்பது தவறு, அதில் மட்டும் அவர் பக்கம் நிற்கிறேன். ஆனால் அதைச் சாக்காக வைத்துக்கொண்டு, பத்து வாங்காத கடையிலும் பாட்டிலோடு போய் உட்காருவேன் என்பது என்ன நியாயம்?

கார்க்கைப் பிடுங்க முப்பது வெள்ளியா என்று கேட்கிறார். கார்க்கைப் பிடுங்குவதற்கு யாரும் காசு கேட்கவில்லை. வாழையிலைக் கடை நடப்பது எப்படி என்று அவர் யோசித்ததே இல்லை. இலையில் சோறும் காய்கறியும் ரசமும் எத்தனை முறை கேட்டாலும் வரும். அதில் கடைக்காரருக்கு நிற்பது சொற்பம். மீன், ஆட்டிறைச்சிப் பெரட்டல், கடைசியில் குடிக்கும் தே, மோர், சிராப் இவற்றில்தான் வாடகையும் சம்பளமும் வர வேண்டும். 2025இல் குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளி ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குடும்பங்கள் வாசலில் நிற்கும்போது, ஆறு பேர் இரண்டு பாட்டிலோடு மூன்று மணி நேரம் ஒரு மேசையைப் பிடித்துக்கொண்டால் அந்த நட்டத்தை யார் கட்டுவது? கிளாஸ், ஐஸ், உடைந்தால் கூட்டிப் பெருக்கும் கை, எல்லாம் கடையுடையது.

இனிக் கள்ளு. குடி நம் தோட்டப் பண்பாடு, கள்ளுக்கடையில் வளர்ந்தவர்களுக்குப் பாட்டில் தடை போடுவது அந்நிய ஒழுக்கம் என்று அவர் எழுதிய இடத்தில் எனக்கு ரத்தம் கொதித்தது. தோட்டங்களில் கள்ளுக்கடையை நடத்தியது தோட்ட நிர்வாகம், வெள்ளைக்காரன் ஆட்சியில். லயத்துக்குப் பக்கத்திலேயே, லைசன்ஸோடு. பால்மரம் வெட்டிச் சம்பாதித்த கூலி அங்கேயே திரும்பிப் போனது. அதை மூடச் சொன்னவர்கள் யார்? நம்மவர்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் ஆர்.எச். நாதன் போன்றவர்கள் முன்னின்ற வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில், சம்பள உயர்வோடும், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பதோடும், கள்ளுக்கடையை மூடு என்பதும் இருந்தது. நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். பட்டாளம் சுட்டுத் தொழிலாளர்கள் செத்தார்கள். 1947இல் கெடாவில், பீடோங் பக்கம், தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியல் செய்து போலீஸிடம் அடிபட்டார்கள். அங்கேயும் உயிர் போனது. பிறகு சம்சு என்ற மலிவுச் சாராயம் வந்தது. அதற்கு எதிராகப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல்லாண்டுகள் கத்தியது. 2018 செப்டம்பரில் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்துக் கிள்ளான் பள்ளத்தாக்கில் டஜன் கணக்கில் செத்தவர்களில் பலர், வயிற்றுப்பாட்டுக்காகக் கடல் கடந்து வந்த தொழிலாளர்கள். நம் பாட்டன் குடித்தான் என்பது உண்மை. அந்தக் கடையை மூடச் சொல்லி அடிபட்டவனும் நம் பாட்டன்தான். இவர் ஒருவனை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவனைக் குழியில் தள்ளி மண்ணைப் போடுகிறார்.

தோட்டம் தாமானாக மாறிய பிறகு செண்டாயானில் யார் யார் சாப்பிட வருகிறார்கள் என்று பார்க்கட்டும். விமானப் படைத் தளத்திலிருந்து வருகிற மலாய் நண்பர்கள், தொழிற்சாலை ஷிப்ட் முடித்த பெண்கள், தைப்பூச விரதத்தில் இருக்கும் பிள்ளைகள், லயத்தில் குடியால் சீரழிந்த வீட்டைப் பார்த்து வளர்ந்து இன்று பேரப்பிள்ளையோடு வந்து பசியாறும் அம்மாக்கள். ஹலால் சான்றிதழ் உள்ள கடைக்கு விதியே வேறு. 2016 கடைசியில் ஹலால் சான்றில்லாத பிறந்தநாள் கேக்கைக்கூட மெக்டொனால்ட்ஸ் உள்ளே விடவில்லை. சான்றிதழ் இல்லாத கடையிலும் பக்கத்து மேசைக்காரர் மனம் கோணாமல் சாப்பிட வேண்டும் என்று முதலாளி நினைத்தால், அது அவர் உரிமை. அவர் கடை அது.

இவ்வளவு எழுதியவர், பரிமாறுகிற பையனைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. தமிழ்நாட்டிலிருந்து கடன் வாங்கிக்கொண்டு வந்தவன், பெர்மிட் முதலாளி கையில். குடித்தவர் குரலை உயர்த்தினால் அவனால் பதில் பேச முடியாது. வாந்தி எடுத்தால் துடைப்பவன் அவன். 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது என்று 2017 டிசம்பரிலிருந்து விதி. வெளியிலிருந்து வந்த பாட்டில் மேசையைச் சுற்றும்போது யாருக்கு வயது எத்தனை என்று அவனா கேட்பான்? குடித்து முடித்து லாபு ரோட்டில் கார் ஓட்டிப் போகிறவரை அவனா தடுப்பான்? 2020 அக்டோபரிலிருந்து முதல் குற்றத்துக்கே பத்தாயிரம் வெள்ளிக்குக் குறையாத அபராதமும் சிறையும் இருக்கின்றன.

குடிக்க வேண்டுமென்றால் சிரம்பானில் லைசன்ஸ் வாங்கி, வரி கட்டி நடத்துகிற இடங்கள் இருக்கின்றன. முன்கூட்டிப் போன் செய்து கேட்டால், கார்க்கேஜ் எவ்வளவு என்று சொல்லிப் பாட்டிலை அனுமதிக்கிற உணவகங்களும் இருக்கின்றன. கேட்கட்டும், கட்டட்டும், போய்க் குடிக்கட்டும். முடியாது என்று சொல்கிற வாழையிலைக் கடைக்காரரைப் பிற்போக்குவாதி என்று எழுதிய வரியை மட்டும் அவர் திரும்பப் பெற வேண்டும்.