வேளா மீனும் அதன் கொம்பும்

தண்டையார்பேட்டையில் வாழும் நம் வாசகக் குடும்பங்களுக்குக் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் கூப்பிடு தூரம்தான். தடைக்காலம் நீங்கலாக வஞ்சிரமும் வவ்வாலும் சங்கராவும் சுறாவும் அங்கே நாள்தோறும் வந்து குவிகின்றன. ஆனால் வேளா என்னும் மீனை உங்கள் பிள்ளைகள் கண்டிருக்கிறார்களா? வீட்டிலுள்ள முதியவர்களைக் கேட்டுப் பாருங்கள். கண்டதுண்டு என்று அவர்களில் சிலர் சொல்லக்கூடும். பிள்ளைகள் கண்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

வேளாவின் முகத்திலிருந்து தட்டையான நீண்ட கொம்பு ஒன்று முன்னே நீள்கிறது. அதன் இரு ஓரங்களிலும் தச்சரின் இரம்பத்தைப் போலப் பற்கள் வரிசையாக அமைந்துள்ளன. தோற்றத்தைக் கண்டு இதைச் சுறா என்று எண்ணுவோர் பலர். உண்மையில் இது திருக்கைக்கு உறவானது. சுறாவின் செவுள் பிளவுகள் பக்கவாட்டில் இருக்கும். வேளாவுக்கோ திருக்கையைப் போல அடிவயிற்றுப் புறத்தில் உள்ளன. உலகில் 5 வகை வேளாக்கள் உண்டு. அவற்றுள் மிகப் பெரியது 6 மீட்டருக்கு மேல் வளரும். ஒரு சிற்றுந்தைவிட நீளம் என்றால் பாருங்கள்!

கொம்பு வெறும் படைக்கலம் அன்று. அதன் தோலில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உள்ளன. சிறு மீன்களின் உடலில் எழும் மிக மெல்லிய மின்சாரத்தையும் அவை உணர்ந்துவிடும். ஆற்றுநீர் கலந்து கலங்கிய இடத்தில் கண் பயன்படாது. அங்கே வேளாவுக்கு வழிகாட்டுவது இக்கொம்பே. இரை அருகில் வந்ததும் கொம்பைப் பக்கவாட்டில் வேகமாக வீசி அடித்து வீழ்த்துகிறது. பின்னர் அதே கொம்பால் இரையைத் தரையோடு அழுத்திப் பிடிக்கிறது. 2012இல் வெளியான ஓர் ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டியது.

வேளா முட்டையிடுவதில்லை, குட்டி ஈனுகிறது. பல்லுள்ள கொம்போடு பிறக்கும் குட்டி தாயின் வயிற்றைக் கிழித்துவிடாதோ என்று தாய்மார்கள் கேட்கலாம். பிறக்கும் வேளையில் குட்டியின் கொம்பை மென்மையான உறை ஒன்று மூடியிருக்கும். பிறந்த சில நாட்களில் அது கழன்றுவிடும். பெரிய வேளா ஓர் ஈற்றில் 1 முதல் 13 குட்டிகள் வரையே ஈனும். அக்குட்டிகள் வளர்ந்து தாயாவதற்கு 8, 10 ஆண்டுகள் ஆகும். இலட்சக்கணக்கில் முட்டையிடும் மீன்களோடு ஒப்பிட்டால் இது எத்துணைக் குறைவு!

இரை தேட உதவும் அதே கொம்புதான் வேளாவுக்கு எமனாயிற்று. வலை எத்தகையதாயினும் கொம்பின் பற்கள் சிக்கிக்கொண்டால் மீள வழியில்லை. இழுவலைகளும் நைலான் வலைகளும் பெருகியபின் இந்த இனம் தேய்ந்தது. துடுப்புக்குக் கிடைத்த அயல்நாட்டு விலையும், கொம்பைச் சுவரில் மாட்டிவைக்கும் ஆசையும் மிச்சத்தைக் குறைத்தன. பட்டினப்பாலையிலேயே, நெய்தல் நிலப் பரதவர் சுறவின் கொம்பை நட்டு வழிபட்ட செய்தி வருகிறது. கொம்புள்ள சுறா வேறெது? அது வேளாவாகவே இருக்கவேண்டும். செனகல், மாலி முதலிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொது நாணயத்திலும் வேளாவின் உருவம் சின்னமாகப் பொறிக்கப்பட்டுள்ளது. அக்கரைகளிலோ அம்மீன் ஏறக்குறைய மறைந்தேவிட்டது.

வேளாக் குட்டிகள் வளர்வது ஆழ்கடலில் அன்று. ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரமும், அலையாத்திக் காடுகளின் ஓரமும், சேறு படிந்த ஆழமற்ற நீருமே அவற்றின் தொட்டில். நம் பகுதியில் அத்தகைய இடம் கொசஸ்தலையாறு கடலைச் சேரும் எண்ணூர்தான். அனல்மின் நிலையச் சாம்பல் அங்கே நீரடியில் படிந்துகிடக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய், முகத்துவாரம் எங்கும் பரவிப் படகுகளிலும் அலையாத்திகளிலும் கருமையாய் ஒட்டியது. வேளாவை விடுங்கள், இறாலும் நண்டும் மடவையும் வளர்வதும் இந்நீரில்தானே?

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் வேளா இனங்கள் சேர்க்கப்பட்டன. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு இதற்கும் உண்டு. பிடிப்பதும் விற்பதும் குற்றம். கொம்பை வணிகம் செய்வதும் அவ்வாறே. அலங்காரப் பொருளென்று எவரேனும் விலைக்குக் கொண்டுவந்தால் வாங்காதீர்கள்.

ஆனால் சட்டத்தை மட்டும் காட்டி மீனவரை மிரட்டுவதில் நியாயமில்லை. வேளாவை உயிரோடு விடுவிக்க வேண்டுமானால் அவர் தம் வலையை அறுக்கவேண்டும். அவ்வலையோ அவருடைய பிழைப்பு. மராட்டிய மாநில அரசு 2018 முதல், பாதுகாக்கப்பட்ட கடலுயிர்களை விடுவிக்க வலையை இழக்கும் மீனவருக்கு 25,000 ரூபாய் வரை ஈடு வழங்குகிறது. பாக் நீரிணையில் ஆவுளியாவைக் காப்பாற்றிய மீனவர்களுக்கு நம் மாநில வனத்துறையும் பரிசளித்ததுண்டு. காசிமேட்டு மீனவர் வலையில் ஒரு வேளா சிக்கி, அவர் அதைக் கடலிலேயே விட்டு வந்தால், அறுந்த வலைக்கு மறுநாளே விலை கிடைக்கவேண்டும்.