நாலு மணி நேரமா... ஒரு வாரமா?

இன்டர்னல்ஸ் முடிஞ்சாச்சா? மார்க் வர்ற வரைக்கும் நிம்மதியா ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம் வாங்க. இந்த வாரம் பஸ் இல்ல, பைக் இல்ல... கப்பல்!

கப்பல்னு சொன்னாலே நம்ம செட்டுல ஒருத்தன் எழுந்து நின்னு ரெண்டு கையையும் விரிப்பான். 1997ல வந்த 'டைட்டானிக்' படம் பண்ணி வெச்ச வேலை அது. அவன்கிட்ட, "மாப்ள, அந்தக் கப்பல் எதுக்குடா போச்சு? ஊர் சுத்தவா, ஊர் போய்ச் சேரவா?"ன்னு கேட்டுப் பாருங்க. முழிப்பான். விஷயமே அங்கதான் இருக்கு.

இன்னிக்கு உலகத்துல மிதக்கிற சொகுசுக் கப்பல்கள்ல பெரும்பாலானது 'குரூஸ்' கப்பல். அது எக்ஸ்கர்ஷன் பஸ் மாதிரி. நாலு இடம் சுத்திக் காட்டிட்டு, அநேகமா ஏறின இடத்துலயே இறக்கி விட்டுடும். 'லைனர்' அப்படி இல்ல. அது ரூட் பஸ். எங்க விருத்தாசலத்துல இருந்து கடலூர் போற பஸ் மாதிரி, இங்க ஏத்தி அங்க இறக்கி விடறதுதான் அதோட வேலை. கடல் எப்படி இருந்தாலும் சொன்ன தேதிக்குப் போய்ச் சேரணும். அதனால அதைக் கட்டுற விதமே வேற. அலையைக் கிழிக்க நீளமான மூக்கு, தடிமனான இரும்புத் தகடு, தண்ணிக்குள்ள ஆழமா இறங்கின உடம்பு, கூடவே நல்ல வேகம்.

அட்லாண்டிக் கடலை அப்படி வழக்கமா கடக்கிற லைனர் இப்ப ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. பேரு 'குயின் மேரி 2'. 2004 ஜனவரியில ஓட ஆரம்பிச்சது. நீளம் 345 மீட்டர். விருத்தாசலம் ஜங்ஷன்ல சுமார் 15 ரயில் பெட்டியை வரிசையா நிறுத்தினா வர்ற நீளம்! இங்கிலாந்தோட சவுத்தாம்ப்டன்ல கிளம்பி நியூயார்க் போய்ச் சேர வழக்கமா ஏழு ராத்திரி. விமானத்துல போனா எட்டு மணி நேரம் சொச்சம்தான்.

அப்புறம் எதுக்கு ஏழு நாள்? கேளுங்க. இங்கிலாந்துக்கும் நியூயார்க்குக்கும் அஞ்சு மணி நேர வித்தியாசம். கப்பல்ல அந்த வித்தியாசத்தை மொத்தமா உங்க தலையில போட மாட்டாங்க. அமெரிக்கா பக்கம் போகும்போது, ஏழு ராத்திரியில அஞ்சு ராத்திரி கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளி வைப்பாங்க. அதாவது 25 மணி நேர நாள்! தினமும் ஒரு மணி நேரம் எக்ஸ்ட்ரா தூக்கம். நம்ம ஹாஸ்டல்ல இப்படி ஒரு ரூல் வந்தா வார்டனுக்குக் கோயிலே கட்டலாம்!

பெரிய லைப்ரரி, கோளரங்கம்னு உள்ளே ஏகப்பட்ட ஐட்டம். நாய்களுக்குக் கூடத் தனி இடம் இருக்கு. அங்க இங்கிலாந்து நாய்க்குப் பழக்கமான தெருவிளக்குக் கம்பம் ஒண்ணு, அமெரிக்க நாய்க்குப் பழக்கமான தீயணைப்புக் குழாய் ஒண்ணு. என்ன ஒரு உபசரிப்பு பாருங்க! ஆனா டிக்கெட் விலையைப் பார்த்தா, நமக்கு எஜுகேஷன் லோன் போதாம இன்னொரு லோன் வேணும்.

சரி பாஸ், அது அவங்க ஊர் கதை. நம்ம ஊருக்கே லைனர் இருந்தது தெரியுமா?

'எஸ்.எஸ். ரஜூலா'. வீட்டுல தாத்தா, பாட்டி இருந்தா இந்தப் பேரைச் சொல்லிப் பாருங்க. சிங்கப்பூர், மலேயா சொந்தம் இருக்கிற குடும்பம்னா உடனே கண்ணு விரியும். 1926ல ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துல கட்டின கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர்னு ஒரே ரூட்டுல ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடினது. நடுவுல ரெண்டாம் உலகப் போருக்குச் சிப்பாய்களை ஏத்திக்கிட்டுப் போயிட்டு, முடிஞ்சதும் பழைய வேலைக்கே திரும்பி வந்துடுச்சு. ஆரம்பத்துல ஐயாயிரம் பேருக்கு மேல டெக் பயணிகளை ஏத்திக்க அனுமதி இருந்ததாம். டெக் பயணின்னா கேபின், கட்டில் எதுவும் கிடையாது. பாயை விரிச்சு, டிரங்குப் பெட்டியைத் தலைமாட்டுல வெச்சு இடம் பிடிக்கணும். நம்ம அன்ரிசர்வ்டு பெட்டியோட அண்ணன்!

1970களின் தொடக்கத்துல ரஜூலாவுக்கு வயசாயிடுச்சு. அந்த ரூட்டை எடுத்துக்கிட்டது இந்தியக் கப்பல் கழகத்தோட 'எம்.வி. சிதம்பரம்'. 1966ல பிரான்ஸ்ல 'பாஸ்தர்'ங்கிற பேர்ல பிறந்து, நம்மகிட்ட வந்து சிதம்பரமா மாறின கப்பல்.

எங்க தெருவுல ஒரு பெரியவர் இருக்கார். செராமிக் தொழிற்பேட்டையில ரொம்ப வருஷம் சூளை பார்த்தவர். அதுக்கு முன்னாடி, 22 வயசுல, சிதம்பரம் கப்பல் ஏறி சிங்கப்பூர் போனவர். நாகப்பட்டினத்துல பெரிய கப்பல் கரைக்கு வர முடியாதாம். தூரத்துல நங்கூரம் போட்டு நிக்குமாம். படகுல போய்த்தான் ஏறணும். "கப்பல்ல எனக்குப் பயமே இல்ல தம்பி. அந்தப் படகுலதான் குலதெய்வத்தைக் கூப்பிட்டேன்"னு சிரிக்கிறார்.

முதல் நாள் பூரா வாந்தியாம். ரெண்டாம் நாள் பக்கத்துப் பாய்க்காரரோட பேச்சு. பரங்கிப்பேட்டைக்காரராம் அவர், அஞ்சாவது தடவை போறாராம். மூணாம் நாள்ல இருந்து கிளாஸ் ஆரம்பம்! எந்தத் தெருவுல நம்ம சாப்பாடு கிடைக்கும், சம்பளத்துல எவ்வளவு வீட்டுக்கு அனுப்பணும், மலாய்ல 'தண்ணி', 'சோறு', 'எவ்வளவு' எப்படிக் கேட்கணும்னு எல்லாம் டெக்லயே பாடம். பினாங்கு வர்றதுக்குள்ள நம்ம பெரியவருக்கு இருபது மலாய் வார்த்தை வந்துடுச்சு. நடுக்கடல்ல ஒரு ராத்திரி அம்மாவை நினைச்சு அழுதிருக்கார். அதுக்கும் இடம் இருந்திருக்கு. சுத்திலும் அழுது முடிச்சவங்க இருந்ததால யாரும் கேலி பண்ணலையாம்.

இதைக் கேட்டுக்கிட்டு இருக்கும்போது எனக்கு எங்க அண்ணன் ஞாபகம்தான் வந்தது. போன வருஷம் அவனும் சிங்கப்பூர் வேலைக்குப் போனான். ராத்திரி சென்னையில ஏறி நாலு மணி நேரம் சொச்சத்துல இறங்கிட்டான். மத்தியானத்துக்குள்ள ஹெல்மெட்டைக் கையில கொடுத்து சைட்டுக்கு அனுப்பிட்டாங்க. முந்தின நாள் இதே நேரம் மணிமுத்தாறு பாலத்துல என்னோட பைக்ல உட்கார்ந்திருந்தவன் அவன்! முதல் பத்து நாள் போன்ல 'ம்', 'சாப்பிட்டேன்', 'வைக்கிறேன்' தவிர வேற பேச்சே இல்ல. அம்மா போனைக் கையிலயே வெச்சுக்கிட்டுத் தூங்குவாங்க. அவன் உடம்பு போய்ச் சேர்ந்த வேகத்துக்கு மனசு போய்ச் சேரல. அவ்வளவுதான் விஷயம்.

பெரியவர்கிட்ட இதைச் சொன்னேன். அவர் சூளை பாஷையிலயே பதில் சொன்னார். ஆயிரத்து சொச்சம் டிகிரியில வெந்த பீங்கானை அவசரப்பட்டு வெளியே எடுக்கக் கூடாது. சூளைக் கதவை அடைச்சு வெச்சு மெதுவா ஆற விடணும். ஆர்டர் அவசரம்னு சீக்கிரம் திறந்தா, 'டிங்'னு ஒரு சத்தம். கப் விரிஞ்சிருக்கும். இதுக்கு நம்ம மெட்டீரியல் சயின்ஸ் பேப்பர்லயும் காரணம் இருக்கு. களிமண் கலவையில இருக்கிற குவார்ட்ஸ் 573 டிகிரி பக்கம் வரும்போது படிக அமைப்பு மாறிச் சட்டுனு சுருங்கும். அந்தக் கட்டத்தை நிதானமா தாண்டலேன்னா விரிசல். "உங்க அண்ணனைச் சூடா வெளியில எடுத்துட்டாங்கப்பா"ன்னார் பெரியவர். சிதம்பரம் கப்பல்ல அவருக்குக் கிடைச்சது ஆறுறதுக்கு ஒரு வாரம். குயின் மேரி 2ல அந்த 25 மணி நேர நாட்களும் இதே வேலையைத்தான் பண்ணுது.

'ஆஹா, அந்தக் காலம்தான் பொற்காலம்'னு உடனே ஸ்டேட்டஸ் போட்டுடாதீங்க மக்களே! டெக்ல போனவங்க எல்லாரும் ஜாலிக்குப் போகல. கூட்டம், நாத்தம், வெயில், மழை எல்லாம் இருந்தது. ரஜூலா காலத்துல தொற்று நோய் பயத்துல, பினாங்கு பக்கம் ஜெரஜாக் தீவுலயும் சிங்கப்பூர் பக்கம் செயின்ட் ஜான்ஸ் தீவுலயும் டெக் பயணிகளை இறக்கித் தனியா அடைச்சு வைக்கிற வழக்கமும் இருந்தது. மேல் வகுப்புக்கு ஒரு மரியாதை, டெக்குக்கு ஒரு மரியாதை. சிதம்பரம் கப்பலோட முடிவும் சோகம். 1985 பிப்ரவரியில சிங்கப்பூர்ல இருந்து சென்னைக்கு வரும்போது நடுக்கடல்ல தீப்பிடிச்சு, பல உயிர் போச்சு. அதோட அந்தக் கப்பலும் முடிஞ்சது, அந்த ரூட்டும் முடிஞ்சது.

அட்லாண்டிக் கதையும் கிட்டத்தட்ட இதேதான். 1958 அக்டோபர்ல ஜெட் விமானம் அந்தக் கடலுக்கு மேல பயணிகளோட பறக்க ஆரம்பிச்சது. அடுத்த 15 வருஷத்துல லைனர்கள் ஒவ்வொண்ணா ஓய்வு பெற்றுடுச்சு. நேரம் மிச்சமாச்சு. யாரும் அதைக் குறை சொல்ல முடியாது. உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்க்க ஒரு வாரம் கடல்ல காத்திருக்க யாருக்கு மனசு வரும்?

ஆனாலும் ஒரு தடவையாவது அந்த ஃபீலிங் வேணும்னு நினைக்கிறவங்களுக்கு நம்ம பட்ஜெட்லயே வழி இருக்கு. சென்னைத் துறைமுகத்துல இருந்து அந்தமானுக்குப் பயணிகள் கப்பல். போர்ட் பிளேர்ங்கிற பேரு 2024ல ஸ்ரீ விஜயபுரம்னு மாறிடுச்சு, ஞாபகம் வெச்சுக்குங்க. சுமார் 1,200 கிலோமீட்டர், ஏறக்குறைய 60 மணி நேரம். குரூஸ் இல்ல, அசல் ரூட் கப்பல். ஊருக்குப் போற அந்தமான் குடும்பங்களும், வேலைக்குப் போறவங்களும்தான் கூட வருவாங்க. நம்ம ஆளுங்களுக்குத் தோதானது 'பங்க்' கிளாஸ். மாசத்துக்குச் சில தடவைதான் கிளம்பும், தேதியும் மாறும். விசாரிச்சுட்டு பிளான் பண்ணுங்க. அவ்வளவு நேரம் முடியாதுன்னா நாகப்பட்டினத்துல இருந்து இலங்கையோட காங்கேசன்துறைக்கு ஒரு கப்பல். 2023 அக்டோபர்ல தொடங்கி, நின்னு, 2024 ஆகஸ்ட்ல மறுபடி ஓட ஆரம்பிச்சது. பாஸ்போர்ட் கட்டாயம். கடல் மோசமா இருந்தா சர்வீஸ் இருக்காது, கிளம்புற முன்னாடி கேட்டுக்குங்க.

ஏறப் போறவங்களுக்கு மெக்கானிக்கல் மூளையில இருந்து சில டிப்ஸ்! கப்பல் சீசா பலகை மாதிரி ஆடும். நுனியில ஆட்டம் ஜாஸ்தி, நடுவுல கம்மி. அதனால நடுப்பகுதியில, கீழ்த்தளத்துல இடம் கிடைச்சா விடாதீங்க. தலை சுத்தினா செல்போனைப் பார்க்காம, டெக்குக்கு வந்து தொடுவானத்தைப் பாருங்க. உடம்பு ஆடுது, கண்ணு 'ஆடலையே'ன்னு சொல்லுது... இந்தச் சண்டையாலதான் குமட்டல். வெறும் வயிறும் வேணாம், ஃபுல் கட்டும் வேணாம். இஞ்சி மரப்பா ஒரு பாக்கெட் இருக்கட்டும். மாத்திரை வேணும்னா டாக்டர்கிட்ட கேட்டு ஏறுறதுக்கு முன்னாடியே போடுங்க. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வங்கக் கடல்ல புயல் சீசன், வேணாம். பிப்ரவரி, மார்ச்ல கடல் பொதுவா சாதுவா இருக்கும்.

கரை மறைஞ்ச கொஞ்ச நேரத்துல சிக்னல் போயிடும். பயப்படாதீங்க. கோலா மீன் தண்ணிக்கு மேல பறக்கிறதைப் பாருங்க. ராத்திரி டெக்ல விளக்கு இல்லாத ஓரமா போய் அண்ணாந்து பாருங்க, இத்தனை நட்சத்திரமான்னு இருக்கும். முக்கியமா, பக்கத்து பங்க்ல இருக்கிறவர்கிட்ட 'எந்த ஊருங்க?'ன்னு கேளுங்க. அந்தக் கப்பல்ல கிடைக்கிற பெஸ்ட் ஐட்டம் அதுதான்.

அடுத்த வருஷம் நம்மள்ல பல பேருக்கு பிளேஸ்மென்ட். பெங்களூரு, புனே, துபாய், சிங்கப்பூர்னு எங்கேயோ ஒரு ஜாயினிங் டேட் வரும். நம்மளை ஒரு வாரம் ஆற விட சிதம்பரம் கப்பல் இல்ல. அதனால முடிஞ்சா நாலு நாள் முன்னாடியே போயிடுங்க. அந்த ஊர்ல நடங்க, பஸ் நம்பர் தெரிஞ்சுக்குங்க, நம்ம சாப்பாடு எங்க கிடைக்கும்னு பாருங்க. ஏற்கெனவே அங்க இருக்கிற சீனியர் ஒருத்தரோட உட்கார்ந்து பேசுங்க. வேலையில சேர்ற நாள் அன்னிக்கு நீங்க சூடா இருக்க மாட்டீங்க.

எங்க அண்ணன் இப்ப ஓகே. தீபாவளிக்கு வர்றான். பெரியவர் அவனுக்காக ஒரு கேள்வி தயாரா வெச்சிருக்கார்: "மலாய்ல தண்ணிக்கு என்னப்பா?"

விடை தெரிஞ்சவங்க நம்ம பக்கத்துக்கு எழுதுங்க. உங்க வீட்டுல ரஜூலா, சிதம்பரம் ஏறின தாத்தா, பாட்டி இருந்தா, அவங்க கதையையும் கேட்டு அனுப்புங்க. அடுத்த வாரம் வேற ரூட்ல மீட் பண்ணுவோம். பை!