பறப்பது ஒன்றேகால் மணி, பயணம் ஏழு மணி!

சென்னைக்குப் பக்கம் மதுரையா, யாழ்ப்பாணமா? கேட்டவுடன் மதுரை என்றுதான் வாயில் வரும். விமான நிலையங்களுக்கு இடையே நேர்கோட்டில் அளந்தால் மதுரை 400 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். யாழ்ப்பாணத்தின் பலாலி சுமார் 355 தான். அதுவும் கிட்டத்தட்ட நேர் தெற்கே.

சிகிச்சைக்கு வந்து கேளம்பாக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் என்று வைத்துக்கொள்வோம். ஊரிலிருந்து போன். ‘அம்மாவுக்குச் சுகமில்லை, உடனே வெளிக்கிட்டு வா.’ செல்போனில் தேடுகிறார். ஒன்றேகால் மணி நேரம் என்று காட்டுகிறது. மத்தியான விமானத்தைப் பிடித்தால் சாயங்காலத்துக்குள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துவிடலாமா?

அந்த ஒன்றேகாலே முழுக்கப் பறக்கும் நேரம் இல்லை. இந்த வழியில் பறக்கும் ஏ.டி.ஆர். விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் போகும். கணக்குப்படி முக்கால் மணி நேரம் போதும். ஆனால் அட்டவணை நேரம் என்பது விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, அங்கே போய் நிற்பது வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, மேலே ஏறுவது, வேகம் குறைத்து இறங்குவது எல்லாம் அதில் அடக்கம்.

கேளம்பாக்கத்திலிருந்து மீனம்பாக்கம் சுமார் 30 கிலோமீட்டர். ஓ.எம்.ஆர். நெரிசலில் மாட்டினால் ஒன்றரை மணி நேரம். அதாவது யாழ்ப்பாணம் பறக்கும் நேரத்தைவிட அதிகம்! வெளிநாட்டு விமானம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னால் போகவேண்டும். பலாலியில் இறங்கி, குடியுரிமைச் சோதனை, பெட்டி எல்லாம் முடித்து, யாழ் நகருக்குள் போக இன்னொரு மணி நேரம். ஆக மொத்தம் ஏழு மணி நேரம். இதில் வேடிக்கை என்னவென்றால், வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தால் அந்தக் கோடு கேளம்பாக்கத்துக்குச் சற்று மேற்கே தெற்கு நோக்கி வந்து, கல்பாக்கம் பக்கம் கடலுக்குள் இறங்குகிறது. வடக்கே போய் விமானம் ஏறி, புறப்பட்ட இடத்தையே தாண்டிப் போகவேண்டும்.

ஆனாலும் ஏழு மணி நேரம் பெரிய வரம். 1947 டிசம்பரில் ஏர் சிலோனின் முதல் விமானமே கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகத்தான் மதராஸ் வந்தது. பிறகு போர் வந்து எல்லாம் அடைபட்டது. யாழ்ப்பாணம் போகிறவர்கள் கொழும்பில் இறங்கி, பஸ்ஸிலோ ரயிலிலோ இன்னொரு ஏழெட்டு மணி நேரம் வடக்கே திரும்பி வந்தார்கள். 2019 அக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. கொரோனாவில் சேவை நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சேர்ந்துகொண்டது. இரு நாட்டுக்கும் ஒரே நேரம்தான், கடிகாரத்தைத் திருப்பவேண்டாம்.

அவசரத்தில் டாக்ஸி ஆப்பில் தட்டும்போது மட்டும் ஒருமுறை எழுத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பஸ் முனையம் இருப்பது வண்டலூர் பக்கம், கிளாம்பாக்கம். இது கேளம்பாக்கம். டிரைவர் அங்கே போய் நின்றுகொண்டு போன் செய்தால், ஏழு மணி எட்டாகிவிடும்.