செய்முறை நோட்டும் ஒலிபெருக்கியும்

பழனிசெட்டிபட்டிப் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும், சிங்கப்பூரில் பிழைக்க வந்த உங்கள் ஊர்ப்பிள்ளை வணக்கத்துடன் எழுதும் விண்ணப்பம்.

வீரபாண்டிச் சித்திரைத் திருவிழா முடிந்து வைகாசி முகூர்த்தங்கள் நெருங்குகின்றன. இவ்வேளையில், விசேஷ வீட்டில் மொய்ப்பணம் போட்டு நோட்டில் எழுதிவைக்கும் நம் செய்முறையைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

செய்முறையை நான் பழிக்கவில்லை. வங்கி வாசலை மிதித்தறியாத நம் பாட்டன்மார், காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் வேண்டிய மூலதனத்தை உற்றார் உறவினரிடமே வட்டியின்றித் திரட்டிக்கொள்ள வகுத்த சாதுரியமான ஏற்பாடு அது. கொடுத்தல், ஏற்றல், திருப்பித் தருதல் என்னும் மூன்று கடமைகளும் ஒன்றையொன்று பிணைத்து நிற்பதைப் பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925-இல் விரித்துரைத்தார். அவருடைய மாணாக்கர் லூயி துய்மோன் 1950-ஐ ஒட்டி உசிலம்பட்டிப் பக்கமே வந்து தங்கி, தாய்மாமன் உறவையும் சீர்வரிசையையும் ஆராய்ந்தார் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

ஆயினும் பாட்டன் காலத்து நோட்டுக்கு இல்லாத நாவொன்று இன்று முளைத்திருக்கிறது. மண்டப வாயிலில் ஒருவர் பணத்தை எண்ண, ஒருவர் நோட்டில் எழுத, மூன்றாமவர் ஊரையும் பெயரையும் தொகையையும் மைக்கில் முழங்குகிறார். தோப்புக்காரரின் பத்தாயிரம் ஒலித்த மறுகணமே, ஜீப்பில் போடிமெட்டு ஏறி ஏலக்காட்டு வேலைக்குப் போய்வரும் பெண்ணின் ஐந்நூறும் அதே சபையில் ஒலிக்கிறது. பழையதைத் திருப்பி, மேலே புதிதும் போடுவதே முறையாகையால், அவள் அடுத்த விசேஷத்துக்குக் குழுக்கடன் வாங்குகிறாள். வட்டியில்லாப் பணத்தைத் திருப்ப வட்டிக்குப் பணம்! கொடுத்துக் கொடுத்து ஓய்ந்து, வாங்குவதற்கு வீட்டில் விசேஷமில்லாதவர்கள் ‘வசந்த விழா’ நடத்திப் போட்டதை மீட்பதைக் கண்டு நாம் நகைக்கிறோமே, அவர்களுக்கு வேறு வழி ஏது?

இங்குள்ள சீனர்களும் திருமண விருந்துக்குச் சிவப்பு உறையில் பணம் வைக்கிறார்கள். எந்த ஹோட்டல், மேஜைக்கு என்ன கட்டணம் என்றெல்லாம் விசாரித்தே தொகையை நிச்சயிக்கும் சங்கடம் அவர்களுக்கும் உண்டு. ஆனால் உறைக்குள் இருப்பதைச் சபையில் எவரும் வாசிப்பதில்லை.

மைக்கை நிறுத்துமாறு ஏழை கேட்டால், போட வக்கில்லாதவன் பேச்சென்று தள்ளிவிடுவீர்கள். ஆகவே வசதியுள்ளோரையே வேண்டுகிறேன். வைகாசியில் என் தங்கை மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீர் என் பொறுப்பு. தொகை வாசிக்கப்பட மாட்டாது என்று பத்திரிகையிலேயே அச்சிடச் சொல்லியிருக்கிறேன். நோட்டு வழக்கம்போல் இருக்கும். திருப்பிச் செய்வதும் தவறாது. ஆனியில் விசேஷம் வைத்திருப்போரும் இவ்விதமே அச்சிடுவார்களாயின், அச்சுக்கூலியை நானே ஏற்கச் சித்தமாயிருக்கிறேன்.

இங்ஙனம்,
உங்கள் ஊர்ப்பிள்ளை